அதிகாரப் பத்திரமும் அளித்தவரின் மறைவும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றியும், நம் மக்களின் வரலாற்றைப் பற்றியும் அறிஞர் பலர் இம்மேடையில் பேசியுள்ளனர். எனக்கு ஒதுக்கப்பட்ட பொருள் சிறியது. ஒரே ஒரு பத்திரத்தைப் பற்றியது. ஆயினும் அந்த ஒரு பத்திரத்தால் நிலம் இழந்த குடும்பங்கள் உண்டு. "பவர்" என்று நம் மக்கள் சுருக்கமாகக் கூறும் பொது அதிகாரப் பத்திரமே அது. அதை எழுதிக் கொடுத்தவர் காலமான பின்னும் அது செல்லுமா, செல்லாதா? இதுவே கேள்வி. இதற்குச் சட்டம் கூறும் விடையையும், அவ்விடை நமக்குப் பயன்பட வேண்டுமாயின் நாம் செய்ய வேண்டுவது யாது என்பதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அதிகாரப் பத்திரம் என்பது யாது எனப் பார்ப்போம். வெளியூரில் வேலை பார்ப்பவர், நோயுற்றவர், நடமாட இயலாத முதியவர் ஆகியோர் தம் காரியத்தைத் தாமே சென்று முடிக்க இயலாதபோது, வேறொருவரைத் தம் முகவராக நியமித்து, "என் பொருட்டு இன்னின்ன செயல்களை நீர் செய்யலாம்" என எழுதிக் கொடுப்பதே அது. வரி கட்டுவது, வாடகை வசூலிப்பது, வழக்கு நடத்துவது, நிலத்தை விற்பது என எச்செயலுக்கும் அதிகாரம் அளிக்கலாம். ஆனால் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். அதிகாரம் அளிப்பது வேறு, உரிமையை மாற்றிக் கொடுப்பது வேறு. பவர் பெற்றவர் நிலத்தின் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. பொது அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு நிலத்தின் உரிமை கைமாறாது, பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது.

இனிக் கேள்விக்கு வருவோம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு, முகாண்மை எவ்வெவ்வாறு முடிவுறும் என்பதைக் கூறுகிறது. அதிகாரம் அளித்தவர் அதனைத் திரும்பப் பெற்றால் அது முடிவுறும். எடுத்துக்கொண்ட காரியம் நிறைவேறினால் முடிவுறும். அளித்தவரோ முகவரோ இறந்தாலும், சித்த சுவாதீனம் இழந்தாலும் முடிவுறும். ஆகவே விடை தெளிவானது. அதிகாரம் அளித்தவர் இறந்த கணத்தில் அதிகாரமும் இறந்துபடுகிறது. அதனை ரத்து செய்யத் தனியே ஒரு பத்திரம் எழுத வேண்டுவதில்லை.

இதன் காரணம் எளிது. முகவரின் கை உண்மையில் அளித்தவரின் கையே. முகவர் இடும் கையெழுத்து அளித்தவர் இட்டதாகவே கொள்ளப்படும். இறந்தவர் கையெழுத்திட இயலாது. எனவே அவருடைய கையாக நின்றவரும் கையெழுத்திட இயலாது. மேலும், ஒருவர் இறந்ததும் அவருடைய சொத்து அவர் வாரிசுகளைச் சென்றடைகிறது. அதன் பின் அச்சொத்தைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் அவர்களே. அவர்கள் அந்த முகவரை நியமிக்கவில்லை. தந்தை கொடுத்த பவர் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தும் என்று எவரேனும் உங்களிடம் கூறினால், "எந்தச் சட்டத்தில் அவ்வாறு உள்ளது?" என்று கேளுங்கள். அவ்வாறே, முகவர் இறந்தால் அவருடைய மகன் அந்தப் பவரைப் பரம்பரைச் சொத்தைப்போல் எடுத்துக்கொள்ளவும் இயலாது.

பலர் சேர்ந்து ஒருவருக்குப் பவர் கொடுப்பதும் வழக்கத்தில் உண்டு. அவர்களுள் ஒருவர் இறந்தால், இறந்தவருடைய பங்கை முகவர் விற்க இயலாது. மற்றவர்கள் அளித்த அதிகாரம் தொடருமா என்பது பத்திரத்தின் வாசகத்தையும் சூழ்நிலையையும் பொறுத்தது. அத்தகைய நேரத்தில் புதிதாக ஒரு பத்திரம் எழுதிக்கொள்வதே அறிவுடைமை.

சிலர் இவ்விடத்தில் ஒரு தடை எழுப்புவர். "எங்கள் பத்திரத்தில் 'இது ரத்து செய்ய முடியாத அதிகாரம்' என்று எழுதியிருக்கிறதே!" என்பர். இதற்கு விடை கூற அண்மைத் தீர்ப்பு ஒன்று உண்டு. பெங்களூரைச் சேர்ந்த ஒரு மனையைப் பற்றிய வழக்கு அது. அதன் உரிமையாளர் 1986ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒருவருக்கு ரத்து செய்ய முடியாத பவர் என்ற பெயரில் ஒரு பத்திரமும், அன்றே பதிவு செய்யப்படாத கிரய ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்தார். அவர் 1997 ஜனவரியில் காலமானார். அதன் பிறகு 1998 ஏப்ரலில், பவர் பெற்றவர் அதைக் கொண்டு தம் மகன் பெயருக்கே மனையைக் கிரயம் செய்தார். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் கிரயத்தை ஏற்க மறுத்தது. "ரத்து செய்ய முடியாதது" என்னும் சொல்லைச் சேர்ப்பதனால் மட்டும் பவருக்கு அத்தன்மை வந்துவிடாது. அளித்தவர் இறந்ததும் அது முடிந்துவிட்டது என்று நீதிமன்றம் கூறியது. இறந்தவரின் வாரிசுகள் விற்ற வழியில் வந்த உரிமையே நிலைத்தது. பத்திரத்தின் தலைப்பில் என்ன எழுதியுள்ளது என்பதன்று, அதன் உள்ளடக்கம் யாது என்பதே நீதிமன்றத்தின் முன் நிற்கும் கேள்வி.

ஆனால் நேர்மையாகப் பேசுவோர் விதியை மட்டும் கூறிவிட்டு விலக்கை மறைத்தல் ஆகாது. ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவில் ஒரு விலக்கு உள்ளது. எந்தச் சொத்தைப் பற்றி அதிகாரம் அளிக்கப்பட்டதோ, அச்சொத்தில் முகவருக்கே ஓர் உரிமை நலன் இருக்குமாயின், அளித்தவரின் மரணத்தால் அந்த முகாண்மை முடிவுறாது. சட்டமே இதற்கு எடுத்துக்காட்டுத் தருகிறது. கடன்பட்ட ஒருவர், கடன் கொடுத்தவரிடம், "என் நிலத்தை விற்று, வரும் தொகையிலிருந்து உமக்குச் சேர வேண்டிய கடனை எடுத்துக்கொள்ளும்" என்று அதிகாரம் அளிக்கிறார். இந்த அதிகாரத்தை அவர் ரத்து செய்யவும் இயலாது; அவர் இறப்பினால் அது முடிவதும் இல்லை. ஏனெனில் இங்கே முகவர் அளித்தவரின் பொருட்டு மட்டும் செயல்படவில்லை. தம் கடனுக்கு ஈடாகவும் அதனைப் பெற்றுள்ளார்.

தோழர்களே, இந்த விலக்கு நம் மக்களுக்கு ஓர் எச்சரிக்கை. திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் கடன் வாங்கும்போது, "ஒரு பவர் மட்டும் போட்டுக் கொடுங்கள், வேறொன்றும் வேண்டாம்" என்று கேட்பவர்கள் உண்டு. கடனுக்காகவே கொடுத்தது என்று பத்திரத்தின் வாசகம் அமையுமாயின், கொடுத்தவரின் காலத்திற்குப் பின்னும் அது பிள்ளைகளைத் துரத்தக்கூடும். ஆகவே கடன் பத்திரத்தை விடவும் கவனமாகப் படிக்க வேண்டியது கடனோடு சேர்த்துக் கேட்கப்படும் பவர் பத்திரமே.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். மரணத்தால் அதிகாரம் முடிகிறது. ஆனால் அந்த முடிவு எப்போது நடைமுறைக்கு வருகிறது? 208ஆம் பிரிவு கூறுவதைக் கேளுங்கள். முகவரைப் பொறுத்தவரை, அதிகாரம் முடிந்தது என்பது அவருக்குத் தெரியவரும் வரையிலும், மூன்றாம் நபர்களைப் பொறுத்தவரை அது அவர்களுக்குத் தெரியவரும் வரையிலும், அந்த முடிவு நடைமுறைக்கு வருவதில்லை. 1882ஆம் ஆண்டு அதிகாரப் பத்திரச் சட்டத்தின் 3ஆம் பிரிவும், அளித்தவர் இறந்ததை அறியாமல் நல்லெண்ணத்துடன் பணம் கொடுத்த, செயல் செய்த முகவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. இதில் அநீதி ஏதுமில்லை. தொலைவில் இருக்கும் முகவர் சாவுச் செய்தி எட்டாமல் செய்த காரியத்திற்காக அவரைத் தண்டித்தல் முறையன்று. ஆனால் இதிலிருந்து நமக்கு ஒரு கடமை பிறக்கிறது. இறப்பை அறிவிக்க வேண்டும். உடனே அறிவிக்க வேண்டும். எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

தலைமுறை தலைமுறையாக ஊரார் வீட்டுச் சாவைப் பறையறிந்தும், வெயிலில் நடந்து ஊர் ஊராகச் சென்று சேதி சொல்லியும் வந்த வேலை நம் முன்னோர்மீது சுமத்தப்பட்டது. கூலியின்றியும், மறுக்க வழியின்றியும் அதைச் செய்தனர். பிறர் வீட்டு இறப்பை உலகிற்கு அறிவித்த மக்கள், தம் வீட்டு இறப்பை அரசாங்க ஏட்டில் பதியாமல் விட்டுவிடுகின்றனர். ஏட்டில் பதியாத இறப்பு சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. பெரியவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும், காகிதத்தில் அவர் உயிரோடு இருப்பதாகவே வைத்து, அவர் கொடுத்த பவரைக் கொண்டு நிலத்தை விற்க ஓர் இடைவெளி அங்கே திறந்து கிடக்கிறது.

நிலத்தைப் பற்றிப் பேசுகையில் பஞ்சமி நிலத்தைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்கீர் 1891ஆம் ஆண்டில் நம் மக்களின் நிலையைப் பற்றி அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாண அரசு தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைத்தது. முதல் 10 ஆண்டுகள் அந்நிலத்தை எவருக்கும் விற்கலாகாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அல்லாதாருக்குக் கொடுக்கலாகாது என்பது நிபந்தனை. நேரடியாகக் கிரயம் எழுத இயலாத நிலத்திற்குப் பவரை வாங்கி வைத்துக்கொண்டு அனுபவிப்பது நிபந்தனையை ஏய்க்கும் வழிகளுள் ஒன்றாயிற்று. பாட்டனார் கைநாட்டு வைத்த பவரை, அவர் பேரன் காலத்திலும் நீட்டிக் காட்டுகின்றனர். அத்தகைய காகிதத்தின்முன் நீங்கள் தயங்க வேண்டுவதில்லை. செய்ய இயலாத கிரயத்தைச் செய்ய எவருக்கும் அதிகாரம் அளிக்க இயலாது என்பது ஒன்று. அளித்தவர் மறைந்ததும் அந்த அதிகாரம் முடிந்தது என்பது மற்றொன்று. உங்கள் ஊர் நிலம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

குடும்பத்தில் பவர் கொடுத்த ஒருவர் காலமானால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன். இளைஞர்கள் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முதலாவது, இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்து சான்று பெறுங்கள். காலம் கடந்தால் அலைச்சலும் அனுமதியும் மிகும்.

இரண்டாவது, முகவருக்கு, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். "இன்ன நாளில் இன்னார் காலமானார், நீர் பெற்ற அதிகாரம் முடிந்தது, மூலப் பத்திரங்களைத் திருப்பித் தருக" என்று நான்கு வரி போதும். அதன் நகலையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். அக்கடிதம் சேர்ந்த பின் "எனக்குத் தெரியாது" என்று முகவர் கூற இயலாது. அதுமட்டுமன்று, அளித்தவர் இறந்த பின் அவர் தம்மிடம் ஒப்படைத்த நலன்களை வாரிசுகளின் பொருட்டுக் காப்பதற்கு வேண்டிய நடவடிக்கைகளை முகவர் எடுக்க வேண்டும் என்று 209ஆம் பிரிவு அவர்மீதே கடமையைச் சுமத்துகிறது. காக்கும் கடமைதான் எஞ்சுகிறதே அன்றி, விற்கும் அதிகாரம் எஞ்சுவதில்லை.

மூன்றாவது, நிலம் எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் உள்ளதோ, அங்கு இறப்புச் சான்றின் நகலை இணைத்து மனு கொடுங்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் தமிழ்நாட்டில் அசையாச் சொத்தைப் பற்றிய அதிகாரப் பத்திரத்தைப் பதிவு செய்தல் கட்டாயம். முகவர் கிரயம் எழுத வரும்போது, அளித்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு மருத்துவரின் சான்று கேட்கும் நடைமுறையும் உண்டு. ஆனால் பொய்ச் சான்று கொண்டு வருபவரும் உண்டாதலின், உங்கள் மனு அங்கே இருத்தல் நன்று.

நான்காவது, வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று பெற்று, பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். பெண் மக்களை விட்டுவிடாதீர்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகியோர் சம பங்கு உடையவர்கள். கிறித்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகளுக்கு எஞ்சிய இரு பங்கும் சேரும். மகளின் கையெழுத்தை ஒதுக்கிவிட்டுச் செய்யும் ஏற்பாடு நாளை அவள் கேள்வி கேட்கும்போது நிற்காது.

ஐந்தாவது, வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இறப்புத் தேதிக்குப் பின் முகவர் ஏதேனும் கிரயம் எழுதியிருந்தால் அதில் தெரியவரும். தெரிந்தபின் வாளாவிருத்தல் ஆகாது. ஓர் ஆவணத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, அதற்கான உண்மைகள் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். உரிமையின் அடிப்படையில் நிலத்தின் சுவாதீனத்தைக் கோருவதற்கு, எதிராளியின் அனுபவம் நம் உரிமைக்கு மாறாகத் தொடங்கிய நாளிலிருந்து 12 ஆண்டுகளே கெடு. நியாயம் நம் பக்கம் இருந்தும், நாள் கடந்ததனால் நிலம் போகக்கூடும்.

வழக்குச் செலவிற்கு அஞ்சுவோருக்கு ஒன்று கூறுவேன். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பட்டியல் வகுப்பினரும் பழங்குடியினரும் பெண்களும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதி உடையவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் உள்ளது. அது எவரும் இரங்கி அளிக்கும் பிச்சையன்று; சட்டம் வழங்கிய உரிமை.

இதனோடு நெருங்கிய மற்றொரு செய்தி. வழக்கறிஞருக்குக் கொடுக்கும் வக்காலத்தும் ஒருவகை அதிகாரமே. கட்சிக்காரர் இறந்தால் அதுவும் முடிவுறும். "வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்" என்று வாரிசுகள் வீட்டில் இருந்துவிடலாகாது. இறந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் வாரிசுகளை வழக்கில் சேர்க்க மனுச் செய்ய வேண்டும். தவறினால் வழக்கு அற்றுப்போகும். தந்தை பல ஆண்டுகள் நடந்து நடத்திய நில வழக்கு, பிள்ளைகள் மூன்று மாதம் அசதியாக இருந்ததனால் அழிந்துபோகலாமா?

இறுதியாக, பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். "எனக்குப் பின் இன்னார் பார்த்துக்கொள்ளட்டும்" என்னும் எண்ணத்தோடு பவர் எழுதி வைக்காதீர்கள். உங்களுக்குப் பின் அது வெற்றுக் காகிதம். உங்கள் காலத்திற்குப் பின் நடக்க வேண்டியதற்கு உயில் எழுதுங்கள். அதற்கு முத்திரைத்தாள் வேண்டுவதில்லை. பதிவும் கட்டாயமன்று, எனினும் பதிவு செய்தல் பாதுகாப்பு. இரு சாட்சிகள் கையொப்பம் இட்டிருத்தல் இன்றியமையாதது. பவர் உயிரோடு இருக்கும் காலத்திற்கு. உயில் உயிர் போன பின். இந்த ஒரு வேறுபாட்டை மறவாதிருந்தால் பல வழக்குகள் தோன்றவே மாட்டா. பவர் கொடுத்தே தீர வேண்டுமாயின், எல்லாவற்றிற்கும் பொதுவாகக் கொடாமல், குறிப்பிட்ட ஒரு செயலுக்கு மட்டும், காலவரம்பு இட்டுக் கொடுங்கள். நகலை வீட்டில் வையுங்கள். காரியம் முடிந்ததும் ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள்.

இளைஞர்களே, உங்களுள் பலர் உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். தேர்வுக்குப் படித்த நூல்களோடு உங்கள் கல்வி நின்றுவிட வேண்டாம். இவ்வாரம் வீட்டிற்குச் சென்றதும், தாத்தாவின் பழைய தகரப் பெட்டியைத் திறந்து, அதில் உள்ள ஒவ்வொரு காகிதத்தையும் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். தாம் எதற்குக் கைநாட்டு வைத்தோம் என்பதை உயிரோடு இருக்கும்போதே அவர் அறியட்டும். ரத்து செய்ய வேண்டியதை அவர் கையாலேயே ரத்து செய்யட்டும். அதற்கு உதவ இச்சங்கம் தன் அலுவலகத்தில் மாதம் ஒரு நாளை ஒதுக்குமாயின், இந்த வெள்ளி விழாவிற்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேண்டுவதில்லை எனத் தலைவர் அவர்களிடம் வேண்டிக்கொள்கிறேன்.